முத்திரை இருக்கிற அடாப்டர் ஏன் சுர்ரென்கிறது?

ஜூன் 9, இரவு 10.40 (கேள்வி)

புது லேப்டாப், மெட்டல் பாடி. சார்ஜ் ஏறும்போது மணிக்கட்டை வைத்தால் சுர்ரென்று இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால் "எல்லாம் அப்படித்தான் சார்" என்கிறார். சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றிக் கொடுத்தார்கள், பலனில்லை. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, ஆர் என்று தொடங்கும் பதிவு நம்பர், நாலைந்து வெளிநாட்டுச் சின்னங்கள். ஷாக் அடிக்கிற சாமானுக்கு இத்தனை சான்றா? இந்த டெஸ்டிங் எல்லாம் காசு கொடுத்து வாங்குகிற காகிதம், சுத்தக் கண்துடைப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 9, இரவு 11.30

மறுக்கிறேன். பாதிதான். மீதிப் பாதியில் உங்கள் பக்கம். இப்படிச் சான்றுக்காகச் சாமான்களைச் சோதிக்கிற லேபில்தான் எனக்கு வேலை.

போர்டை மாற்றிப் பலனில்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. அந்தச் சுர் லேப்டாப்பில் பிறப்பதில்லை, அடாப்டரிலிருந்து ஒயர் வழியாக வருகிறது. அடாப்டருக்குள் 230 வோல்ட் வருகிற பக்கம் ஒன்று, 19 வோல்ட் போகிற பக்கம் ஒன்று. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு பக்கத்துக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. ஆனால் 230 வோல்ட் பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை சுவிட்ச் ஆகிறது. அதன் இரைச்சல் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்கு இடையில் ஊடுருவி 19 வோல்ட் ஒயருக்கு வந்து, அந்த ஒயரையே ஆன்டெனா ஆக்கிவிடும். பக்கத்து வீட்டு ஏ.எம். ரேடியோ கரகரக்கும். அந்த இரைச்சலை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப, இரண்டு பக்கத்தையும் ஒரு சின்ன கெபாசிட்டரால் இணைப்பார்கள். பெயர் ஒய் கெபாசிட்டர்.

இரைச்சல் திரும்பிப் போகிற அதே வழியில், வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் துளியூண்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. உங்கள் மணிக்கட்டில் தெரிவது அந்தத் துளி. தெரிந்தே வைத்தது, அளந்து வைத்தது.

ஜூன் 10, காலை 7.15

எவ்வளவு துளி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கு சுலபம். சாதாரணமாகப் போடுவது 2.2 நானோஃபாரட் அளவில் இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் முழுதாக அதன் மேல் விழுந்தால் 0.16 மில்லிஆம்பியர். நிஜத்தில் இன்னும் குறையும், ஏனென்றால் கெபாசிட்டர் டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். எர்த் இல்லாத இரண்டு பின் சாதனத்துக்கு ஐ.எஸ். 13252 (கம்ப்யூட்டர், அடாப்டர் வகைச் சாமான்களுக்கான இந்தியப் பாதுகாப்புத் தரநிலை) அனுமதிக்கிற எல்லை 0.25 மில்லிஆம்பியர். ஆக உங்கள் அடாப்டர் இரண்டு பின் என்றால் எல்லைக்குள் நின்றுகொண்டே உங்களைச் சீண்டுகிறது.

விரலை மெட்டல் மேல் அழுத்தி வைத்தால் ஒன்றும் தெரியாது. புறங்கையால் லேசாக இழுத்துப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி நரநரவென்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் அதே மூடி வழவழவென்று ஆகிவிடும். இதைக் காட்டித்தான் லேபுக்குப் புதிதாக வரும் பையன்களுக்குப் பாடத்தையே ஆரம்பிப்போம்.

மூன்று பின் சமாச்சாரம் வேறு. எர்த் உள்ள சாதனத்துக்கு அதே தரநிலை 3.5 மில்லிஆம்பியர் வரை விடுகிறது. பதினான்கு மடங்கு! அந்த மின்சாரம் எர்த் ஒயர் வழியாகப் போய்விடும் என்ற நம்பிக்கைதான் காரணம். உங்கள் வீட்டுச் சுவரில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லையென்றால் அந்த நம்பிக்கை உங்கள் கை மேல் வந்து நிற்கும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் கேபினெட்டில் டெஸ்டர் வைத்தால் லைட் எரிகிறதே, அது இந்த வகை. மல்டிமீட்டரில் 110, 115 வோல்ட் காட்டும். பவர் சப்ளையின் ஃபில்டரில் ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என இரண்டு கெபாசிட்டர் இருப்பதால் சரிபாதி வோல்டேஜில் பாடி மிதக்கிறது.

ஜூன் 10, மதியம் 1.05

அவசரமாக ஒன்று. மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்ப எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் அடிக்கிறதும் ஒய் கெபாசிட்டர்தானா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாட்டர் ஹீட்டர், மோட்டார் இதெல்லாம் அடித்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நான் சொன்னது எலக்ட்ரானிக் அடாப்டரின் சுர் பற்றி மட்டும். நேற்று ராத்திரி 'பாதிதான் மறுக்கிறேன்' என்றதில் இந்தப் பயமும் சேர்த்தி. கை வெடுக்கென்று உதறினால், விரல் இழுத்துப் பிடித்தால், அது அடாப்டராகவே இருந்தாலும் பழுதுதான். தூக்கிப் போடுங்கள்.

ஜூன் 10, இரவு 10.20

லேபில் என்னதான் செய்வீர்கள் என்ற கேள்விக்கு.

முதலில் ஒரு பொய் விரல். மனித விரல் அளவில் மூட்டுகளோடு செய்த உலோக விரல். பெட்டியின் எல்லா ஓட்டையிலும் அதை வளைத்து நெளித்து விட்டுப் பார்ப்போம், ஆபத்தான எதையும் தொடக்கூடாது. பிளாஸ்டிக் பெட்டி என்றால் 10 செ.மீ.க்கு 20 செ.மீ. உலோகத் தாளைச் சுற்றி, அதைத்தான் உள்ளங்கையாகக் கணக்கில் எடுத்துக் கசிவை அளப்போம். அளக்கும் கருவிக்குள் 2000 ஓம் உடம்பு ஒன்று ரெசிஸ்டர், கெபாசிட்டராக உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் ஹைபாட், அதாவது உயர் வோல்டேஜ் சோதனை. மெயின்ஸ் பக்கத்துக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் 3000 வோல்ட் ஏ.சி., ஒரு நிமிடம். ஒய் கெபாசிட்டர் இருப்பதால் ஏ.சி. கொடுத்தால் அது வழியாகவே கரண்ட் ஓடி மீட்டரைக் குழப்பும், அதனால் அநேகமாக 4242 வோல்ட் டி.சி. கொடுப்போம். இதைச் சும்மா காய்ந்த அடாப்டரில் செய்வதில்லை. 93 சதவீத ஈரப்பதத்தில் ஊறப்போட்டு எடுத்துச் செய்ய வேண்டும். சாதாரணமாக 48 மணி நேரம். வெப்பமண்டல நாடு என்றால் 40 டிகிரியில் 120 மணி நேரம். நவம்பர் மாதச் சென்னையில் ஈரப்பதச் சேம்பர் எதற்கு, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்பது எங்கள் பழைய ஜோக்.

அரைக் கிலோ எஃகுக் குண்டை 1.3 மீட்டர் உயரத்திலிருந்து பெட்டி மேல் போடுவோம். லேபிளைத் தண்ணீர்த் துணியால் 15 விநாடி, பெட்ரோலியம் ஸ்பிரிட் துணியால் 15 விநாடி தேய்ப்போம். சிரிக்காதீர்கள், எச்சரிக்கை எழுத்து அழிந்துபோனால் அதுவும் ஃபெயில்தான். மூவாயிரம் வோல்ட்டைத் தாங்கிய பெட்டி லேபிள் மையில் விழுந்து திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஃபால்ட் டெஸ்ட். அடாப்டரை டிஷ்யூ பேப்பர் விரித்த பலகையில் வைத்து, மேலே சல்லடைத் துணி போர்த்தி, உள்ளே ஒவ்வொரு பாகமாக வேண்டுமென்றே ஷார்ட் செய்வது. கெபாசிட்டர், டயோடு, டிரான்சிஸ்டர், ஃபேன் இருந்தால் அதை நிறுத்திப் பிடிப்பது, காற்று ஓட்டையை அடைப்பது. டப்பென்று வெடிக்கும். மீன் கருகிய வாடை அடிக்கும். துணி தீப்பற்றக்கூடாது, மெயின்ஸ் அவுட்புட்டுக்குத் தாவக்கூடாது. சாதனம் செத்துப்போவது பற்றி யாருக்கும் கவலையில்லை. "எங்க பிராடக்ட் ஃபால்ட் டெஸ்ட்ல செத்துப்போச்சே" என்று முகம் வாடுகிற டிசைனருக்கு "பாஸ் சார், டீ சாப்பிடலாம் வாங்க" என்போம். பாதுகாப்புச் சோதனை தரச் சோதனை அல்ல. பாஸான அடாப்டர் ஆறு மாதத்தில் செத்தாலும் அந்தச் சான்றில் பிழையில்லை.

ஜூன் 11, இரவு 9.50

இப்போது உங்கள் பக்கம் என்று சொன்ன பாதி.

பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவுத் திட்டம் 2012 ஆணையில் வந்தது, 2013 முதல் நடைமுறை. லேப்டாப், பிரிண்டர், அடாப்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் அதில் அடங்கும். தயாரிப்பாளர் மாதிரியை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வாங்கி, 'என் சாமான் தரநிலைக்கு ஏற்றது' என்று தானே உறுதி கொடுத்துப் பதிவு எண் பெறுகிறார். எண் அந்தத் தொழிற்சாலைக்கும் அந்த பிராண்டுக்கும் உரியது. இதில் மாதிரியைத் தேர்ந்தெடுப்பது யார்? தயாரிப்பாளரேதான். சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் கண்காணிப்பும் பி.ஐ.எஸ்.ஸுக்கு உண்டு. ஆனால் விற்கிற எண்ணிக்கைக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

மாதிரியில் ஓட்டை இல்லாமல் இருக்கலாம், ஓட்டை அதற்குப் பின்னால் வரும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் முக்கியப் பாகங்கள் பட்டியல் என்று ஒன்று இருக்கும், சி.சி.எல். என்போம். ஃபியூஸ், ஆப்டோகப்ளர், எக்ஸ் கெபாசிட்டர், ஒய் கெபாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் ஒயர், போர்டின் தீத்தடுப்புத் தரம், பிளாஸ்டிக்கின் கிரேடு, யார் தயாரித்தது, எந்த மாடல், எந்தச் சான்று எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். என்னைக் கேட்டால் ரிப்போர்ட்டின் உயிர் அந்தப் பக்கம்தான். மற்ற பக்கங்கள் எல்லாம் இந்தப் பாகங்கள் இருந்தால் மட்டுமே உண்மை.

நான் சோதித்துப் பாஸ் போட்ட ஒரு அடாப்டரைச் சில மாதம் கழித்துக் கடையில் வாங்கிப் பிரித்தேன். பெயர் வேண்டாம். வெளியே அதே பெட்டி, அதே லேபிள், அதே ஆர் நம்பர். உள்ளே, மாதிரியில் நீல வட்டக் கெபாசிட்டர் மேல் 'ஒய்1' என்று அச்சடித்து வரிசையாகச் சான்றுச் சின்னங்கள் இருந்தன. கடையில் வாங்கியதிலும் நீல வட்டம்தான், அதே அளவு, ஆனால் மேலே '222', '1 கே.வி.' என்று மட்டும். சாதாரண செராமிக் கெபாசிட்டர். ஒய்1 என்றால் 8 கிலோவோல்ட் இம்பல்ஸை (கண நேர வோல்டேஜ் அடியை) தாங்கி நிரூபித்திருக்க வேண்டும். இரண்டாம் தரமான ஒய்2வுக்கே 5 கிலோவோல்ட். ஏன் இவ்வளவு கறார் என்றால், மற்ற எந்தப் பாகம் ஷார்ட் ஆனாலும் அடாப்டர் சாகும், இது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக உங்கள் கையில் இருக்கிற போனுக்கு வரும். டிரான்ஸ்ஃபார்மரையும் அறுத்துப் பார்த்தேன். மூன்றடுக்கு இன்சுலேஷன் ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எனாமல் ஒயர்.

அந்த அடாப்டர் உங்களுடையதைவிட அதிகமாகச் சுர்ரென்றிருக்காது. சொல்லப்போனால் ஒய் கெபாசிட்டரே போடாத மட்டமான சார்ஜர் துளிக்கூடச் சுர்ரென்னாது. சுர்ரை வைத்து எதையும் எடைபோட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூன் 12, காலை 8.40

"அப்ப ஐ.எஸ்.ஐ. முத்திரையே வேஸ்ட்டா?" அது ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. ஐ.எஸ்.ஐ. குறி லைசென்ஸ் முறை, அதில் தொழிற்சாலைக்கே ஆய்வு உண்டு, கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் எண் இருக்கும். உங்கள் அடாப்டரில் இருப்பது பதிவு முறை, ஆர்- என்று தொடங்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர், பிராண்டு எல்லாம் வரும். அடாப்டர் லேபிளில் ஒரு பெயர், ஆப்பில் மிக்சி கம்பெனியின் பெயர் வந்தால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐரோப்பாவின் சி.இ. சின்னம் பற்றி ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். அடாப்டரில் அதைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். யு.எல். என்ற அமெரிக்கச் சான்று நிறுவனம் வேறு ரகம். தீ விபத்துக்கு இழப்பீடு கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட காப்பீட்டுக்காரர்களின் ஆதரவில் 1894ல் சிகாகோவில் தொடங்கியது. அவர்களின் ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் தொழிற்சாலைக்கு வருவார், வருடத்துக்குப் பல தடவை. வந்தவுடன் கேட்பது மேலே சொன்ன பாகப் பட்டியலைத்தான். அந்த வாரம் ஸ்டோர்ஸ் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஜூன் 13, மாலை 6.30

ஒய் கெபாசிட்டரைச் சின்னதாகப் போட்டுச் சுர்ரைக் குறைக்கலாமே என்று கோவை நண்பர் கேட்கிறார். கேட்பது நியாயம். இதுதான் எங்கள் ஆபீசில் தினசரிச் சண்டை.

இ.எம்.சி. ஆள் (மின் இரைச்சலைச் சோதிப்பவர்) ஒரு பக்கம், சேஃப்டி ஆள் ஒரு பக்கம். 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை மெயின்ஸ் ஒயரில் போகும் இரைச்சலை அளப்பார்கள், சிஸ்பர் 32 தரநிலை, வீட்டு உபயோகம் என்றால் பி வகுப்பு. திரையில் கோடு எல்லையைத் தாண்டி ஒரு முள் எழும்பும். நேரம் இரவு எட்டு. சேம்பர் (இரைச்சல் அளக்கும் தனி அறை) வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. டிசைனர் 1 நானோஃபாரடைக் கழற்றி 3.3 போடுவார். முள் அமுங்கும். எல்லோரும் கை குலுக்கி வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் என் மேஜைக்கு வரும். 3.3 என்றால் 230 வோல்ட்டில் 0.24 மில்லிஆம்பியர் வரை போகலாம், நான் அளப்பதோ 264 வோல்ட்டில். கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். "டிரான்ஸ்ஃபார்மரில் இரைச்சலைத் தடுக்க ஷீல்டு சுற்று போடுங்க" என்பேன். "அதுக்குக் காசு யார் தருவா?" என்பார்கள். இரண்டு பேருமே நியாயம்தான் பேசுகிறோம், நடுவில் மாட்டிக்கொண்டது கேள்வி கேட்டவரின் மணிக்கட்டு.

ஜூன் 13, இரவு 11.10

சேம்பர் சென்னையில் எங்கே என்று கேட்ட மாணவருக்கு: தரமணியில் சமீர் இருக்கிறது, திருவான்மியூரில் எஸ்.டி.க்யூ.சி.யின் ஈ.டி.டி.சி. இருக்கிறது, இரண்டும் மத்திய அரசு மையங்கள். தனியார் லேபுகளும் உண்டு. பிராஜெக்டுக்குப் போவதானால் ஒயரில் மாட்டி இரைச்சலை அடக்கும் நல்ல ஃபெரைட் க்ளாம்புகள் நாலு பையில் போட்டுக்கொண்டு போங்கள் தம்பி.

ஜூன் 15, ஞாயிறு

தொலைபேசித் துறையில் லைன் ஸ்டாஃபாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். பெட்டிக்குள் கை வைத்திருக்கும்போது ரிங் வந்தால் உதறும் உதறலுக்கு முன்னால் இந்த லேப்டாப் சுர் எல்லாம் கொசுக்கடி என்று. ஐயா சொல்வது முழு உண்மை. சும்மா இருக்கும்போது லைனில் 48 வோல்ட் டி.சி., ரிங் வரும்போது அதன் மேல் 75 வோல்ட் ஏ.சி., 25 ஹெர்ட்ஸ். (அந்த 48க்கு முன்னால் மைனஸ் போடுவதும் காரணமாகத்தான்: பிளஸ்ஸை எர்த்தில் கட்டினால் மண்ணுக்குள் போகும் செம்புக் கம்பி மின்னரிப்பில் கரையாது.) பழைய 60950 தரநிலையில் (நம் ஐ.எஸ். 13252இன் சர்வதேச மூலம்) இதற்கென்றே டி.என்.வி., அதாவது தொலைத்தொடர்பு நெட்வொர்க் வோல்டேஜ், என்று தனி வகுப்பு உண்டு. தொடக்கூடாத வோல்டேஜ்தான், ஆனால் ரிங் விட்டுவிட்டு வருவதாலும், எக்ஸ்சேஞ்ச் கரண்டைக் கட்டுப்படுத்துவதாலும் கொஞ்சம் சலுகை.

டெலிகாம் சாதனத்தில் பயமே உள்ளேயிருந்து இல்லை, வெளியே கம்பத்திலிருந்து. இடி விழுந்தால் பல கிலோமீட்டர் கம்பி அதை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவரும். லேபில் அதற்கு 10/700 மைக்ரோவிநாடி அலை என்று ஒன்று அடிப்போம். சர்ஜ் ஜெனரேட்டர் 'டக்' என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான், மோடம் பிழைத்ததா என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாக்காரர்கள் இதில் ரொம்பக் கறார். காதில் வைக்கிற ரிசீவருக்கு அந்த இம்பல்ஸ் 7 கிலோவோல்ட் வேண்டும் என்றார்கள். ஆள் நடமாட்டமில்லாத பரப்பில் நீண்டு கிடக்கும் லைன்களை நினைத்தால் புரியும். அமெரிக்காவில் கரண்ட் கம்பியும் டெலிபோன் கம்பியும் ஒரே கம்பத்தில் போகும், அறுந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். அதற்காக 600 வோல்ட், 40 ஆம்பியரை டெலிபோன் லைனில் ஒன்றரை விநாடி விடுகிற சோதனை வைத்திருந்தார்கள். சல்லடைத் துணி போர்த்தித்தான். நான் பார்த்ததில் அதுதான் பெரிய வாணவேடிக்கை.

இப்போது வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. கண்ணாடி இழையில் இடியும் வராது, ரிங்கும் வராது. ஆனால் அந்தப் பெட்டியை மாட்டும் அடாப்டர் வழியாக எல்லாம் வரலாம். திரும்பவும் அடாப்டருக்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

ஜூன் 15, இரவு

ஐயா கேட்ட இன்னொன்றுக்கு: ஆமாம், இப்போது தொலைத்தொடர்புச் சாதனங்களுக்குத் தனிக் கட்டாயச் சான்றும் உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் டி.ஈ.சி. நடத்துகிறது, எம்.டி.சி.டி.ஈ. என்று வாயில் நுழையாத பெயர். முதல் கட்டம் 2019 அக்டோபரில் தொடங்கியது. அதில் முதல் வரிசையில் நின்றவை மோடம், கார்ட்லெஸ் போன், ஃபேக்ஸ் மெஷின். ஃபேக்ஸ்! வைஃபை இருந்தால் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி.யின் இ.டி.ஏ. அனுமதி வேறு. ஒரு சின்ன ரவுட்டருக்கு மூன்று வாசல் ஏற வேண்டும், மூன்றுக்கும் மூன்று போர்ட்டல், மூன்று பாஸ்வேர்டு. அரசு செய்வது சரியா தப்பா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை, பாஸ்வேர்டு மட்டும் மறந்துபோகிறது.

ஜூன் 17, இரவு 10 மணி

62368 என்ற புதிய பாதுகாப்புத் தரநிலை பற்றி எழுதச் சொன்னார்கள்.

பழைய 60950 ஒரு சமையல் குறிப்புப் புத்தகம் போன்றது: இங்கே இத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விடு, அங்கே இத்தனை வோல்ட் கொடு. ஏன் என்று கேட்காதே. புதியது ஐ.இ.சி. 62368-1, முதல் பதிப்பு 2010ல். டி.வி.க்கு இருந்த 60065, கம்ப்யூட்டருக்கு இருந்த 60950 இரண்டையும் ஓரம்கட்டிவிட்டு வந்தது. ஹியூலெட் பேக்கர்ட் பொறியாளர்கள் வளர்த்த ஒரு யோசனை அதன் அடியில் இருக்கிறது: எந்த ஆற்றல் மனிதனைத் துன்புறுத்தும், அதற்கும் மனிதனுக்கும் நடுவில் என்ன தடுப்பு இருக்கிறது என்று மட்டும் பார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2020 டிசம்பர் 20ல் மாறின. இந்தியாவில் அதற்குப் பிறகும் லேபிளில் 13252தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாம் பேசுகிற சுர்ருக்குப் பொருத்தமான இடம் ஒன்று அதில் உண்டு. மின்சாரத்தை மூன்றாகப் பிரிக்கிறது. ஈ.எஸ்.1: உடம்பு உணரலாம், வலிக்காது. ஈ.எஸ்.2: வலிக்கும், காயம் ஆகாது. ஈ.எஸ்.3: காயம் ஆகும். சாதாரண ஆள் தொடுகிற இடத்தில் ஈ.எஸ்.1 இருக்கலாம். 'உணரலாம்' என்று தரநிலையே ஒப்புக்கொள்கிறது, கவனியுங்கள். கேள்வி கேட்டவரின் புகாருக்கு நேரான பதில் அந்த ஒரு வரி.

வந்த புதிதில் எனக்கு இது பிடித்திருந்தது. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கம்பெனி முதலாளியிடம் "5 மில்லிமீட்டர் வேண்டும், உங்களுடையது 4.2" என்று ஸ்கேலை வைத்துக் காட்டினால் பேச்சு முடிந்தது. புதியதில் "இந்த இடம் எந்தப் பவர் வகுப்பு? 15 வாட்டுக்குள்ளா, 100க்குள்ளா?" என்று ஆரம்பித்து அரை நாள் போகிறது. பெரிய கம்பெனிக்கு வசதி, வாதாட ஆள் வைத்திருக்கிறார்கள். சின்னவர்கள் திணறுகிறார்கள்.

ஜூன் 19, மதியம்

சேலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர்: ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர்) போட்ட பிறகு எல்லா சிஸ்டமும் ஆன் ஆனவுடன் டிரிப் ஆகிறது, எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடலாம் என்கிறார், செய்யலாமா?

கழற்றாதீர்கள். அது பழுதில்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எர்த்துக்கு அரை மில்லிஆம்பியர் கசிய விட்டால், முப்பது கம்ப்யூட்டருக்கு 15 ஆகிவிடுகிறது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் டிரிப் ஆகலாம், விதியே அதுதான். சிஸ்டங்களை மூன்று நான்கு சர்க்யூட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த வரிசையில் உண்மையான பழுதைத் தேடலாம்.

ஒவ்வொரு பெட்டியும் லேபில் தனியாகத்தான் பாஸாகிறது. வீட்டில் டி.வி., செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கேபிளால் கட்டுண்டு கிடக்கும்போது கசிவு எல்லாம் ஒரே ஷீல்டில் சேருகிறது. கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றும்போது சுண்டுவது பாதி இதனால். மீதிப் பாதி, தெருக்கோடி ஆம்ப்ளிஃபயருக்கு எங்கே எர்த் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதை நான் எழுதினால் சண்டை வரும்.

ஜூன் 22, இரவு 9.30

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். எலக்ட்ரீஷியன் பிளக் பாக்ஸைத் திறந்தாராம். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பச்சை ஒயர் இருந்தது, டெர்மினலில் மாட்டாமல் சுருட்டி உள்ளே தள்ளியிருந்தார்கள். மாட்டிய பிறகு சுர் போய்விட்டது, அவருடையது மூன்று பின் அடாப்டர்தான். "அப்ப சர்வீஸ் சென்டர்ல எதுக்குப் போர்டை மாத்தினாங்க?" என்று கேட்கிறார். வாரண்டியில்தானே சார் மாற்றினார்கள், விடுங்கள்.

மற்றவர்களுக்கு: சுருட்டிய ஒயர் மாட்டினாலும் மறுமுனையில் எர்த் குழி உயிரோடு இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டுப் பார்ப்பார். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் டிரிப் ஆகும், பயப்பட வேண்டாம். நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

ஜூன் 28, காலை

ஊட்டியிலிருந்து ஒரு கேள்வி, எதிர்பார்க்கவே இல்லை. அவருடைய அடாப்டர் லேபிளில் மலை மாதிரி ஒரு சின்னம், கீழே 2000 மீ. என்று. "நாங்க 2240 மீட்டர்ல இருக்கோம், இதை மாட்டலாமா?"

நல்ல கண். உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும், அதே இடைவெளியில் மின்பொறி சுலபமாகத் தாவும். தரநிலையின் காற்று இடைவெளி எல்லாம் 2000 மீட்டர் வரைதான் கணக்கு. சீனாவில் திபெத் பக்கமெல்லாம் இருப்பதால் அவர்கள் 5000 மீட்டருக்குக் கணக்குப் போடச் சொன்னார்கள், இடைவெளியை 1.48ஆல் பெருக்க வேண்டும். அப்படிச் செய்யாத சாமானுக்கு அந்த மலைச் சின்னம். அங்கே விற்க அடித்த லேபிள் நம் ஊருக்கும் வந்துவிடுகிறது.

3000 மீட்டருக்குப் பெருக்கல் எண் 1.14. ஊட்டிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1.03 வரும். மெயின்ஸுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் 4 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 4.1 சொச்சம் வேண்டும். ஒழுங்கான அடாப்டரில் அந்த இடத்தில் 6 மி.மீ.க்குக் குறையாமல் விட்டிருப்பார்கள். தாராளமாக மாட்டுங்கள். லே பக்கம் டூர் போனால்தான் யோசிக்க வேண்டும், அங்கே 3500 மீட்டர்.